ஆழப் பனியில் டர்போ ஸ்னோமொபைல்: ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடி, வேலை கனடாவில் கல்கரி. குளிர்காலத்தில் ரெவல்ஸ்டோக், கோல்டன் பக்கத்து மலைகளில் பாதையே போடாத பனியில், பனிமேல் ஓடும் வண்டியான ஸ்னோமொபைல் ஓட்டுவேன். சித்திரை, வைகாசியில் ஊருக்கு வந்தால் செக்காலை ரோட்டு ஒர்க்‌ஷாப்பிலும் கல்யாணப் பந்தியிலும் திரும்பத் திரும்ப இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பிள்ளைகள் பலர் இப்போது கனடாவில் இருப்பதால் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

அண்ணே, இது பைக்கா, ஜீப்பா? சக்கரமே இல்லாம எப்படி ஓடுது?

முன்னால் திரும்புவதற்குச் சறுக்குப் பலகை போன்ற இரண்டு ஸ்கை, பின்னால் தள்ளுவதற்கு ஒரே ஒரு அகலமான ரப்பர் பட்டை. அந்தப் பட்டையை டிராக் என்போம். பைக் மாதிரி ஹேண்டில்பார் உண்டு. ஆனால் ஆக்ஸிலேட்டரை முறுக்க வேண்டியதில்லை, வலது கைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். இடது கையில் பிரேக். கியர் கிடையாது. ஸ்கூட்டியில் இருப்பது போல இரண்டு கிளட்ச்சுக்கு நடுவே ஒரு பெல்ட் ஓடி, வேகத்துக்கு ஏற்ப விகிதத்தைத் தானே மாற்றிக்கொள்ளும்.

இதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் கனடாவின் க்யூபெக் மாநிலத்தில் வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியே. 1934 குளிர்காலத்தில் அவருடைய சின்ன மகனுக்குக் குடல்வால் அழற்சி முற்றியது. பனி மூடிய சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்துபோனான். பனியில் ஓடும் வண்டியை ஏற்கெனவே செய்து பார்த்துக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு முழு மூச்சாக இறங்கினார். 1937-இல் டிராக் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். 1959-இல் ஸ்கி-டூ என்ற சிறிய வண்டி வந்தது. இன்று நாம் பார்க்கும் வண்டிகள் அந்த வழியில் வந்தவை.

பாதையை விட்டு இறங்கினா வண்டி பனிக்குள்ள புதைஞ்சிராதா?

சாதாரண வண்டி புதையும். புதிதாக விழுந்த பனியின் அடர்த்தி தண்ணீரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இறங்கி நின்றால் இடுப்பு வரை உள்ளே போய்விடுவோம். அதனால் மலை வண்டியைத் தனியாகவே செய்கிறார்கள். பாதையில் ஓடும் வண்டிக்கு டிராக் சுமார் 130 அங்குலச் சுற்றளவு இருக்கும். மலை வண்டிக்கு 154, 165, 175 அங்குலம் என்று போகும். நீளம் கூடினால் எடை பரவும், வண்டி மிதக்கும்.

டிராக்கின் மேல் வரிசையாக நிற்கும் ரப்பர் துடுப்புகள்தான் அடுத்தது. பாதை வண்டியில் ஓர் அங்குலத்தைச் சற்றுத் தாண்டும் அவை, மலை வண்டியில் இரண்டரை, மூன்று அங்குல உயரம் இருக்கும். நாற்றுக்கு முன் சேற்று வயலில் டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டுகிறோமே, அதே வேலை. அடியில் கெட்டித் தரை கிடைக்காது என்று தெரிந்தபின், சேற்றையே பிடித்துப் பின்னால் தள்ளி முன்னால் போவது. ஒரு வித்தியாசம் உண்டு: நின்றுவிட்டால் மிதப்பு போய்விடும். ஆழப் பனியில் ஓட்டும் கலை முழுக்க, எங்கே நிற்பது, எங்கே நிற்கக் கூடாது என்பதில் இருக்கிறது.

டர்போ எதுக்கு மாப்ளே? கார்ல இருக்கிற அதே டர்போவா?

அதேதான். புகைபோக்கியில் வீணாகப் போகும் சூடான வாயு ஒரு சின்ன விசிறியைச் சுழற்றும். அதே அச்சில் மறுபக்கம் இருக்கும் விசிறி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்பும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரிக்கலாம்.

மலையில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், உயரம் போகப் போகக் காற்று மெலியும். பழைய கார்புரேட்டர் பைக்கில் கொடைக்கானல் ஏறியவர்களுக்குத் தெரியும், மேலே போனதும் வண்டி மூச்சு வாங்கும். ஏறத்தாழ 1,000 அடிக்கு 3 சதவீதம் சக்தி குறையும் என்பது பொதுக் கணக்கு. 165 குதிரைத்திறன் உள்ள வண்டி 8,000 அடியில் 125 பக்கம் வந்துவிடும். ஆழமான பனியும் செங்குத்தான ஏற்றமும் இருப்பதும் அதே உயரத்தில்தான். டர்போ அந்த இழப்பை ஈடுகட்டுகிறது. ஸ்கி-டூ 2020 மாடலில் தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய முதல் டூ-ஸ்ட்ரோக் வண்டியைக் கொண்டுவந்தபோது, 8,000 அடி வரைக்கும் 165 குதிரைத்திறன் குறையாது என்றுதான் விற்றார்கள். பின்னால் அதையே 180 ஆக்கினார்கள். போட்டி நிறுவனமான போலாரிஸும் 2022 மாடலில் டர்போ டூ-ஸ்ட்ரோக்கோடு வந்தது. அதற்கு முன்பே ஃபோர்-ஸ்ட்ரோக் டர்போக்கள் உண்டு. சக்தி அதிகம்தான், ஆனால் எடையும் அதிகம். ஆழப் பனியில் எடை நமக்கு எதிரி.

பெட்ரோலா டீசலா? மைலேஜ் என்ன?

பெட்ரோல், அதிலும் உயர்ந்த ஆக்டேன். டூ-ஸ்ட்ரோக் என்றால் அதற்கு ஆயிலும் தனியாக ஊற்ற வேண்டும், வண்டியே கலந்துகொள்ளும். டேங்க் 35 முதல் 45 லிட்டர் வரை. மைலேஜ் கணக்கு இங்கே உதவாது. ஒரே டேங்க், கெட்டிப் பனியில் நாள் முழுக்க வரும். நெஞ்சளவு பனியில் மதியத்துக்குள் பாதியைத் தாண்டிவிடும். பாதி காலியானதும் திரும்பிவிடுங்கள்.

பனியில ஓடுற வண்டிக்கு எஞ்சின் சூடாகுமா என்ன?

ஆகும். இந்த வண்டிகளில் காரில் இருப்பது போல ரேடியேட்டர் வைப்பதில்லை. டிராக்குக்கு மேலே உள்ள அலுமினியக் கூரையின் அடியில் குளிர்நீர்க் குழாய் ஓடும். டிராக் வாரி அடிக்கும் பனி அதில் பட்டுத்தான் எஞ்சின் குளிர்கிறது. ஆழப் பனியில் சூடாகும் பிரச்சினையே வராது. மலையடிவாரம் வரை போகும் இறுகிய பாதையில்தான் தொல்லை. அங்கே பனி தெறிக்காது, வெப்பமானி ஏறிக்கொண்டே போகும். அதற்கென்று தரையைக் கீறிப் பனித்தூளை மேலே அடிக்கிற கம்பிகள் உண்டு, இறக்கிவிட்டால் போதும்.

பெல்ட்டும் சூட்டில்தான் அறுகிறது. டர்போவின் முழுச் சக்தியும் அந்த ஒரு பெல்ட் வழியாகத்தான் போகிறது. மாற்றுப் பெல்ட் இல்லாமல் கிளம்பாதீர்கள், வீட்டு வாசலில் வைத்து ஒரு முறை மாட்டிக் கழற்றிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். நீண்ட ஏற்றம் ஏறி வந்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓட விட்டால் டர்போவுக்கு நல்லது.

புல்லட்டை பத்து வருஷமா ஓட்டுறேன். இது வராதா எனக்கு?

வரும், ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து ஓட்டும் வண்டி இல்லை இது. முழங்கால் லேசாக மடங்க, இரண்டு பக்கத்துப் படிகளிலும் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். ஆழப் பனியில் ஹேண்டிலைத் திருப்பினால் மட்டும் வண்டி திரும்பாது. சாய்த்தால்தான் திரும்பும்.

கடினமானது, மலைச்சரிவுக்குக் குறுக்கே போவது. மலை உங்கள் இடது கைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் எடை முழுவதும் இடது படியில் இருக்க வேண்டும், பல சமயம் வலது காலையும் தூக்கி அதே படியில் வைக்க வேண்டியிருக்கும். ஹேண்டிலை மலையின் பக்கம் இழுக்கத்தான் மனது சொல்லும். அப்படிச் செய்தால் வண்டி தட்டையாகி, பள்ளத்தை நோக்கி வழுக்கும். ஸ்கையைச் சற்றுக் கீழ்ப்பக்கம் திருப்பினால்தான் வண்டி மலைப் பக்கம் சாய்ந்து, டிராக்கின் மேல் விளிம்பு பனியைக் கவ்வும். உள்ளுணர்வுக்கு நேர் எதிரான இந்த ஒன்று கை வசப்பட்டால் பாதி வித்தை முடிந்தது. நான் பார்த்தவரை சமவெளியில் கிடக்கும் புதுப்பனியில், வண்டியை ஒரு பக்கம் சாய்த்து வட்டம் போட்டுப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் வருகிறது.

கட்டைவிரல்தான் மீதிப் பாதி. விட்டு விட்டு அழுத்தினால் டிராக் பள்ளம் பறிக்கும். ஒரே சீராக அழுத்த வேண்டும். டர்போவில் கூடுதல் கவனம் வேண்டும். அழுத்திய கணத்துக்கும் சக்தி முழுதாக வருவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், அப்புறம் மொத்தமாக வரும். மரங்களுக்கு நடுவே அந்த 'மொத்தமாக' எந்தத் திசையில் தூக்கிப் போடும் என்பது நீங்கள் அப்போது வண்டியை எப்படிச் சாய்த்திருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் முதல் வண்டி டர்போ வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

நடுவுல மாட்டிக்கிட்டா? 200 கிலோ வண்டியை யார் தூக்குறது?

எல்லோரும் மாட்டுவோம். மாட்டப்போகிறது என்று தெரிந்த நொடியில் கட்டைவிரலை எடுத்துவிடுவதுதான் பெரிய உதவி. இன்னும் அழுத்தினால் டிராக் தோண்டிக்கொண்டே போய், வண்டியின் பின்பகுதி குழிக்குள் இறங்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். அப்புறம் வேலை மூன்று மடங்கு.

தூக்கப் பார்க்காதீர்கள், முதுகு போய்விடும். பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே மலை வண்டி ஏறத்தாழ 200 கிலோ இருக்கும். மண்வெட்டியை எடுங்கள். படிகளின் அடியிலும் வயிற்றுப் பகுதியிலும் அடைத்திருக்கும் பனியை வெட்டி எடுங்கள், ஏனென்றால் வண்டி அங்கேதான் படுத்திருக்கிறது. பிறகு டிராக்குக்கு முன்னால் உள்ள பனியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குங்கள். மிதித்த பனியைச் சில நிமிடம் விட்டுவைத்தால் கெட்டியாகும், அந்தப் பொறுமை பலருக்கு இருப்பதில்லை. ஸ்கையின் நுனி வளையத்தைப் பிடித்து மூக்கைக் கீழ்ப்பக்கமாகத் திருப்புங்கள். பள்ளத்தை நோக்கி நிற்கும் வண்டியை வெளியே எடுப்பது எளிது. நண்பர் ஒருவர் ஸ்கையைப் பிடித்து இழுக்க, நீங்கள் மெதுவாக அழுத்தினால் ஏறி வந்துவிடும். டிராக்குக்குப் பின்னால் யாரும் நிற்கவே கூடாது.

மரத்துப் பக்கம் நிக்காதேன்னு சொல்றாங்களே, என்ன ஆகும்?

அடர்ந்த ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைகள் குடை போலப் பனியைத் தடுப்பதால், தண்டைச் சுற்றி இறுகாத பனியும் வெற்றிடமும் கலந்த ஒரு குழி உண்டாகும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. தலைகீழாக விழுந்தால் பனி மேலே சரிந்து மூச்சை அடைக்கும், தானாக வெளியே வருவது மிகக் கடினம். மரங்களுக்குள் ஓட்டும்போது இருவர் இருவராக, ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி போக வேண்டும்.

வண்டிச் சத்தத்துக்கு பனி சரிஞ்சு விழும்னு சொல்றாங்களே?

சத்தத்துக்கு விழாது. எடைக்குத்தான் விழும். குளிர்காலம் முழுக்கப் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. அதில் ஓர் அடுக்கு சர்க்கரை போல ஒட்டாமல் இருந்து, அதன் மேல் கெட்டியான அடுக்கு படிந்துவிட்டால், வண்டியும் ஆளுமாகச் சேர்ந்து தரும் அழுத்தம் அந்தப் பலவீனமான அடுக்கை உடைக்கும். மேல் அடுக்கு முழுப் பலகையாகப் பெயர்ந்து இறங்கும்.

பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள சரிவுகளில்தான் இது நடக்கிறது. ஓட்டுபவர்கள் ஆசைப்பட்டு ஏறுவதும் அதே சரிவுகள்தான். சரிவின் மேல் இருந்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. அடிவாரத்தில் ஓட்டியே மேலே உள்ள பலகையை உடைத்துவிட முடியும். பனி 'வும்ம்' என்று அடிவயிற்றிலிருந்து ஒலித்துத் தாழ்ந்தால், ஸ்கையிலிருந்து பனியில் விரிசல் ஓடினால், பக்கத்துச் சரிவு புதிதாகச் சரிந்திருந்தால், அன்றைக்குச் செங்குத்தான இடம் எதுவும் வேண்டாம்.

டர்போ வண்டியில பனிச்சரிவை முந்திக்கிட்டு ஓடிரலாம்ல?

இளவட்டங்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. காய்ந்த பனிப்பலகை பெயர்ந்த சில நொடிகளிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அதோடு, உடையும்போது நீங்கள் அந்தப் பலகையின் மேலேயே நிற்கிறீர்கள். காலுக்குக் கீழே இருப்பதே நகரும்போது எதை முந்துவது? பக்கவாட்டில் வெளியேற வாய்ப்பிருந்தால் முயலலாம், அவ்வளவுதான்.

யார் அதிக உயரம் ஏறுகிறார்கள் என்று ஒரே சரிவில் மாறி மாறிப் பாய்வது இந்த விளையாட்டின் மிக ஆபத்தான பழக்கம். 2010 மார்ச் 13 அன்று ரெவல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில் அப்படி ஒரு கூடுகையின்போது பெரிய பனிச்சரிவு இறங்கியது. அடிவாரத்தில் சுமார் 200 பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். 2 பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். கூட்டம் நின்ற இடம், மேலிருந்து வருவது வந்து சேரும் இடம். டர்போ இந்தப் பழக்கத்தை எளிதாக்கிவிட்டது என்பதே என் கவலை. முன்பு வண்டிக்கு ஏற முடியாமல் தானாகவே தப்பித்த சரிவுகளில் இப்போது எவரும் ஏறிவிடலாம்.

ஏர்பேக், பீக்கன் எல்லாம் வாங்கியாச்சு. போதுமா அண்ணே?

பீக்கன், நீளக் கம்பியான ப்ரோப், மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றித் தேடுவார்கள். ப்ரோப் குத்தி ஆளைத் தொட்டதும் தோண்டுவார்கள். புதைந்தவருக்கு முதல் 10, 15 நிமிடங்களுக்குப் பிறகு உயிர்வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. மீட்புப் படை ஹெலிகாப்டரில் வந்து சேர்வதற்குள் அந்த நேரம் போய்விடும். ஆக, உங்களைக் காப்பாற்றப்போவது உங்களோடு வந்தவர்கள்தான். அவர்களுக்குத் தேடத் தெரியுமா என்பதே உங்கள் காப்பீடு.

மண்வெட்டியையும் ப்ரோபையும் வண்டிப் பையில் கட்டாதீர்கள், முதுகுப்பையில் வையுங்கள். வண்டி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துபோகலாம். பீக்கன் உடம்போடு கட்டியிருக்க வேண்டும், செல்போன் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது, சமிக்ஞையைக் குழப்பும். ஏர்பேக் என்பது முதுகுப்பையில் இருந்து, இழுத்ததும் ஊதிக்கொள்ளும் பை. அது உங்களைப் பனியின் மேற்பரப்பு நோக்கி நகர்த்த உதவும். மரத்திலோ பாறையிலோ மோதுவதை அது தடுக்காது.

சியாச்சின்ல ஒரு ஜவானை ஆறு நாள் கழிச்சு உயிரோட எடுத்தாங்களே, நீங்க 15 நிமிஷம்ங்கிறீங்க?

நியாயமான சந்தேகம். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த காவல் சாவடி மேல் பனி இடிந்து 10 வீரர்கள் புதைந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்கள், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் போனார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு கிடைத்தார். அவர் கூடாரத்துக்குள் இருந்ததால் மூச்சுவிடக் காற்று இடைவெளி கிடைத்தது. பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் அவரும் இறந்தார். வெட்டவெளியில் புதைபவருக்கு அந்த இடைவெளி கிடைப்பது அரிது. சரிந்து நின்றதும் பனி சிமென்ட் போல இறுகும், விரலைக்கூட அசைக்க முடியாது.

குல்மார்க், மணாலி போனா இதை ஓட்டலாமா?

அங்கே கிடைப்பது பெரும்பாலும் தட்டிய பாதையில் சுற்றிக்காட்டும் சுற்றுலாச் சவாரி. முதல் அனுபவத்துக்கு நல்லது, போய் வாருங்கள். ஆனால் குல்மார்க் 2,650 மீட்டர், அங்குள்ள கம்பிவட வண்டியான கொண்டோலாவின் மேல் முனை 3,900 மீட்டரைத் தாண்டும். இறங்கிய அன்றே மேலே ஓடாதீர்கள், தலைவலியும் குமட்டலும் வந்தால் கீழே வந்துவிடுங்கள். 2024 பிப்ரவரியில் அங்கே பாதை விலகிச் சறுக்கிய வெளிநாட்டுக் குழு பனிச்சரிவில் சிக்கி, ஒரு ரஷ்யர் உயிரிழந்தார்.

நம்ம ஊரு வெயில்ல வளந்த உடம்பு தாங்குமா?

தாங்கும். குளிரைவிட வியர்வைதான் தொல்லை. வண்டியோடு மல்லுக்கட்டும்போது உடம்பு கொதிக்கும், நின்றதும் ஈரம் உறையும். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே நீர் புகாத உடை, பையில் மாற்றுக் கையுறை.

தம்பி, எம்மகன் கல்கரியில இருக்கான். இந்த வண்டி வாங்கப் போறேங்கிறான். விடலாமா?

ஓர் ஆச்சி கேட்டது. வேண்டாம் என்று சொல்லித் தடுக்க முடியாத வயதுப் பிள்ளைகள், ஆச்சி. அதனால் கேள்வி கேளுங்கள். பனிச்சரிவுப் பாதுகாப்பு முதல் நிலைப் பயிற்சி முடித்தாயா? கனடாவில் இரண்டு நாளில் நடத்துகிறார்கள். கிளம்பும் காலையில், பனிச்சரிவு எச்சரிக்கை அமைப்பான அவலாஞ்ச் கனடா வெளியிடும் அறிக்கை பார்க்கிறாயா? அபாயத்தை ஐந்து நிலையாகப் பிரித்துச் சொல்வார்கள். நடுவில் உள்ள மூன்றாம் நிலையை 'பரவாயில்லை' என்று படிக்கக் கூடாது, பலர் இறப்பது அந்த நாட்களில்தான். யாரோடு போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று அறைத் தோழனிடம் சொல்லிவிட்டுப் போகிறாயா? மலையில் செல்போன் எடுக்காது, செயற்கைக்கோள் கருவி இருக்கிறதா?

இவற்றுக்குப் பதில் தடுமாறாமல் சொன்னால் நிம்மதியாக இருங்கள். புது டர்போ மலை வண்டி 20,000 கனடா டாலரைத் தாண்டும். முதலில் டர்போ இல்லாத பழைய வண்டி வாங்கி, மிச்சக் காசில் பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் வாங்கச் சொல்லுங்கள்.

ஈசியுல கை வச்சு இன்னும் கொஞ்சம் பவர் ஏத்தலாம்ல?

ஒர்க்‌ஷாப் தம்பிகள் கேட்பது. ஈசியு என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினி. அதில் மாற்றி ஏற்றலாம், அங்கே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். காற்றழுத்தத்தைக் கூட்டினால் அதற்கேற்ற ஆக்டேன் வேண்டும், இல்லையென்றால் நாக்கிங் வந்து, அதாவது பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து, பிஸ்டன் உருகும். கிளட்ச்சின் எடைகளையும் ஸ்பிரிங்கையும் மாற்றாவிட்டால் சக்தி பெல்ட்டைத்தான் தின்னும். வாரண்டி போய்விடும். உடையும் இடமோ ரோட்டிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே. எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

சரிவுக்கு நடுவுல நண்பன் மாட்டிக்கிட்டான். நான் மேல போய் உதவி பண்ணாம எப்படி நிக்கிறது?

மனசு கேட்காது, தெரியும். ஆனாலும் போகக் கூடாது. ஒரு வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும் பனி இரண்டாவது வண்டியைத் தாங்கும் என்று எந்த உறுதியும் இல்லை. உதவப் போனவர் ஏறும்போதே சரிவு உடைந்து இருவரும் புதைந்த விபத்துகள் பல. நீங்களும் புதைந்தால் தோண்ட ஆள் குறையும்.

அபாயச் சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்பதைக் கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் மாட்டிக்கொண்டால், முன்பு சொன்ன முறையில் தானே தோண்டி மூக்கைத் திருப்பி இறங்கட்டும். நீங்கள் பனிச்சரிவு வந்து சேராத இடத்தில், ஒரு மேட்டிலோ அடர்ந்த மரங்களுக்குள்ளோ, வண்டியை வெளியேறும் திசை நோக்கி நிறுத்திவிட்டு, பையை முதுகில் போட்டபடியே, அவர் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நில்லுங்கள். வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டிருங்கள். சரிந்தால் கடைசியாக அவரை எந்த இடத்தில் பார்த்தீர்கள் என்பதுதான் தேடலுக்கு முதல் தடயம். முடியவே முடியாவிட்டால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓரமாக நடந்து வரச் சொல்லுங்கள். வண்டியை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.